ரீப்பரில் முதல் பதிவு: மைக்குக்கு முன்னும் பின்னும்

போன ஆடி மாதம் எங்கள் அத்தை பாட, நான் கம்ப்யூட்டரில் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்தேன். முதலில் ஒரு விருத்தம், அப்புறம் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிச்ர சாபுவில் ஒரு முருகன் பாட்டு. மாடி அறையில் உட்கார்ந்தது காலை பத்து மணிக்கு, எழுந்தது மதியம் இரண்டரைக்கு. இதில் அத்தை பாடிய நேரம் நாற்பது நிமிடம் இருந்தால் அதிகம். மீதி நேரமெல்லாம் நான் மவுஸைப் பிடித்துக்கொண்டு "ஒரே நிமிஷம் அத்தை, இதோ ஆச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று இரவு, பாட்டு கொஞ்சம் இழுவையாக இருக்கிறதே என்று டெம்போவை (தாள வேகத்தை) 92-லிருந்து 96-க்கு ஏற்றி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். தாளத்துக்கு வைத்திருந்த மிருதங்கம் மட்டும்தான் வேகமாகும் என்பது என் கணக்கு. காலையில் கேட்டுப் பார்த்த அத்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏண்டா, நான் என்ன பஸ்ஸைப் பிடிக்கவா ஓடறேன்?"

குரலும் சேர்ந்து ஓடியிருந்தது. அப்படித்தான் ஓடும், அதற்கென்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதை நான் பார்க்கவே இல்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "குரலுக்கு எந்தப் பிளக்இன் நல்லது?" என்றுதான். நானும் அதைத்தான் கேட்டேன். (பிளக்இன் என்பது ஒலியை மாற்றி மெருகேற்ற மென்பொருளில் சேர்க்கும் சிறு நிரல்.) ஆனால் என் பதிவுகள் கெட்டுப்போன தருணங்களை எண்ணிப் பார்த்தால், பிளக்இன் காரணமாக இருந்தது ஒன்றிரண்டு தடவைதான். மற்றதெல்லாம் மென்பொருள் நம்மைக் கேட்காமலே எடுத்து வைத்திருக்கும் ஏழெட்டு முடிவுகளால் வந்தவை. ஃபைல் எங்கே போய் உட்கார வேண்டும், டெம்போ மாறினால் குரல் என்ன ஆக வேண்டும், மவுஸ் சக்கரத்தைச் சுற்றினால் என்ன நடக்க வேண்டும் என்பவை எல்லாம் அதில் அடக்கம். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து இவற்றை நமக்குத் தகுந்தபடி மாற்றி வைத்துக்கொண்டால், பாடகர் வந்த பிறகு "ஒரே நிமிஷம்" சொல்ல வேண்டியிருக்காது.

நான் உபயோகிப்பது ரீப்பர். கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்க வைத்திருந்த வின்ஆம்ப் நினைவிருக்கிறதா? அதை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கல் பிறகு தொடங்கிய காக்கோஸ் நிறுவனத்தின் மென்பொருள் இது. 2006-ல் முதல் பதிப்பு வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 60 நாள் முழு வசதியோடு இலவசமாக உபயோகித்துப் பார்க்கலாம். அதன் பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். இங்கே சொல்லும் ஷார்ட்கட் எல்லாம் விண்டோஸுக்கானவை. கியூபேஸ், எஃப்.எல். ஸ்டுடியோ மாதிரி வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குப் பொத்தான் வேறாக இருக்கும், தலைவலி பெரும்பாலும் இதேதான்.

முதலில் ஃபோல்டர்

ரீப்பரைத் திறந்தவுடன் கை பரபரக்கும். டிராக் (ஒரு குரலுக்கோ கருவிக்கோ உரிய வரிசை) போட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்திப் பாடிவிடத் தோன்றும். வேண்டாம். புராஜெக்டை இன்னும் சேமிக்காத நிலையில் பதிவு செய்தால், அந்த ஆடியோ உங்கள் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ரீப்பர் மீடியா' என்ற பொது இடத்துக்குப் போய்விடும். பிறகு புராஜெக்டை டெஸ்க்டாப்பில் 'அத்தை பாட்டு' என்று சேமிப்பீர்கள். அந்தப் புராஜெக்ட் ஃபைலுக்குள் ஒரு நொடி ஒலிகூட இருக்காது. அது வெறும் எழுத்து ஃபைல். நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். இந்த ஆடியோவை இந்த இடத்தில் இத்தனையாவது நொடியிலிருந்து வாசி என்ற குறிப்புகள்தான் அதில் இருக்கும்.

இது தெரியாமல் நான் ஒருமுறை பென்டிரைவில் அந்த ஒரே ஃபைலை மட்டும் போட்டுக்கொண்டு, மிக்ஸிங்குக்காக (எல்லா டிராக்கையும் அளவு பார்த்துக் கலப்பதற்காக) ஒரு ஸ்டுடியோ வரை போனேன். ஒரு மணி நேர பஸ் பயணம். அங்கே திறந்தால் டிராக் எல்லாம் இருக்கிறது, பெயர் எல்லாம் இருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. மீடியாவைக் காணோம் என்று ஒவ்வொரு துண்டாகச் சொல்லிக்கொண்டே போகிறது. மிக்ஸ் செய்பவர் சிரிக்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

ஆகவே பாடுவதற்கு முன்பே கண்ட்ரோல் + எஸ் அழுத்துங்கள். வரும் பெட்டியின் கீழே இரண்டு சிறு கட்டங்கள் இருக்கும். ஒன்று, புராஜெக்டுக்கென்று தனி ஃபோல்டர் உருவாக்கச் சொல்வது. மற்றொன்று, உள்ளே உள்ள ஆடியோ எல்லாவற்றையும் அந்த ஃபோல்டருக்கே கொண்டுவரச் சொல்வது. இரண்டிலும் டிக் போடுங்கள். இனி எங்கே எடுத்துப் போனாலும் அந்த முழு ஃபோல்டரையும் எடுத்துப் போனால் போதும். ஏற்கெனவே சிதறிக் கிடக்கும் பழைய புராஜெக்டையும் இதே மாதிரி 'சேவ் ஆஸ்' கொடுத்து ஒரே இடத்தில் திரட்டிவிடலாம்.

அப்படியே கண்ட்ரோல் + பி (P) அழுத்தி பிரிஃபரன்சஸ் போய், புராஜெக்ட் என்ற பகுதியில் தானாகச் சேமிக்கும் வசதியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்துவிடுங்கள். நம் ஊர் கரண்டை நம்பி இதைச் செய்யாமல் விட முடியாது.

சவுண்ட் கார்டும் தாமதமும்

அடுத்தது ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கையும் ஹெட்போனையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி. பிரிஃபரன்சஸில் ஆடியோ, அதற்குள் டிவைஸ். மேலே ஆடியோ சிஸ்டம் என்ற இடத்தில் ஏசியோ என்பதைத் தேர்ந்தெடுத்து, உங்கள் கருவியின் டிரைவரைக் காட்டுங்கள். ஏசியோ என்பது விண்டோஸின் வழக்கமான ஒலிப் பாதையைச் சுற்றிக்கொண்டு நேராகக் கருவியோடு பேசும் வழி. ஸ்டைன்பர்க் நிறுவனம் உருவாக்கியது. கருவியை வாங்கும்போது அதற்குரிய டிரைவரை அந்தத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள்.

அதன் கீழே இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று சாம்பிள் ரேட், அதாவது ஒரு நொடியில் ஒலியை எத்தனை தடவை அளக்கிறது என்பது. மற்றது பிளாக் சைஸ், எல்லோரும் பஃபர் என்று சொல்வது. நம் தாமதத் தொல்லை முழுக்க இந்தப் பஃபரில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் ஒலியைத் துளித்துளியாக வாங்காது, ஒரு சொம்பு நிறைந்த பிறகுதான் தூக்கிப் போகும். சொம்பு பெரிதாக இருந்தால் நிறைய நேரம் ஆகும், ஆனால் கம்ப்யூட்டர் நிதானமாக வேலை பார்க்கும். சிறிதாக இருந்தால் சட்டென்று நிறையும், ஆனால் அது ஓடி ஓடி மூச்சு வாங்கும். அப்போதுதான் 'டிக் டிக்' என்ற வெடிப்புச் சத்தம் வருகிறது.

கணக்கு எளிது. 48000 சாம்பிள் ரேட்டில் 128 பஃபர் என்றால் சுமார் 2.7 மில்லி செகண்ட். 512 என்றால் 10.7. 1024 என்றால் 21.3. இது ஒரு வழிக்கு. பாடியது உள்ளே போய் ஹெட்போனுக்குத் திரும்பி வர இரு மடங்கும் கொஞ்சம் கூடவும் ஆகும். காற்றில் ஒலி ஒரு மில்லி செகண்டில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகிறது. அப்படியானால் 1024-ல் பாடும் ஒருவருக்குத் தன் குரலே பதினாலு மீட்டருக்கு அப்பாலிருந்து, மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். எந்தப் பாடகருக்கும் தாளம் தப்பிப் போகும்.

அதனால் பாடும்போது 128 வையுங்கள், உங்கள் கம்ப்யூட்டர் திணறினால் 256. பாடி முடிந்து மிக்ஸிங் செய்யும்போது 1024-க்கு ஏற்றிவிடுங்கள். மறுபடி பாட வைக்கும்போது இறக்க மறந்துவிடுவோம், எல்லோரும் மறக்கிறோம். திரையின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.

நிறைய இன்டர்ஃபேஸ்களில் 'டைரக்ட் மானிட்டர்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அது கம்ப்யூட்டருக்குள் போகாமலே மைக் ஒலியை ஹெட்போனுக்கு அனுப்பிவிடும், எனவே தாமதமே தெரியாது. அதைப் போட்டால் ரீப்பர் டிராக்கில் உள்ள மானிட்டர் பொத்தானை அணைத்துவிட வேண்டும். இரண்டும் ஓடினால் ஒரு குரல் இப்போதும் இன்னொரு குரல் கொஞ்சம் கழித்தும் கேட்கும். "எக்கோ வருது தம்பி" என்று பாடுகிறவர் சொன்னால் பத்தில் ஒன்பது முறை இதுதான் காரணம்.

சாம்பிள் ரேட்டுக்கு நான் எப்போதும் 48000 வைக்கிறேன், வீடியோவுக்கும் அதுதான் வழக்கம். சி.டி.யின் அளவு 44100. எது வைத்தாலும் கருவியும் புராஜெக்டும் ஒரே எண்ணில் இருக்க வேண்டும். வேறு ரேட்டில் உள்ள ஃபைலை இழுத்துப் போட்டால் ரீப்பர் தானே மாற்றி வாசித்துவிடும், அதில் பயமில்லை. கருவி ஒரு வேகத்திலும் மென்பொருளின் கணக்கு இன்னொரு வேகத்திலும் ஓடும்போதுதான் வினை. 44100-ல் எடுத்ததை 48000 வேகத்தில் ஓட்டினால் சுருதி சுமார் முக்கால் கட்டை ஏறிவிடும். ஐந்தரைக் கட்டையில் பாடியவர் ஆறேகாலில் பாடுகிற மாதிரி கேட்கும். ஐந்து நிமிடப் பாட்டு 4 நிமிடம் 36 நொடியில் முடிந்துவிடும். ஒரு பதிவில் 'குரல் என்னவோ மாதிரி இருக்கிறதே' என்று தோன்றினால், மற்ற எதையும் தொடும் முன் தம்பூராவை மீட்டி சுருதியைச் சரிபார்த்துவிடுங்கள்.

இன்னொரு சில்லறைத் தொல்லை. ரீப்பர் திறந்திருக்கும்போது யூடியூபில் சத்தம் வராமல் போகலாம். கருவியை அது கையில் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பிரிஃபரன்சஸின் ஆடியோ பகுதியில், ரீப்பர் பின்னணியில் சும்மா இருக்கும்போது கருவியை விட்டுவிடச் சொல்லும் கட்டம் ஒன்று உண்டு. அதில் டிக் போட்டால் தீர்ந்தது.

டெம்போ, தாளம், விருத்தம்

இப்போது அத்தை ஓடிய கதைக்கு வருவோம். ஆல்ட் + என்டர் அழுத்தினால் புராஜெக்ட் செட்டிங்ஸ் திறக்கும். அதில் 'டைம்பேஸ்' என்று ஒன்று இருக்கிறது. ஆரம்பத்தில் அது 'பீட்ஸ்' என்று இருக்கும். அதாவது டிராக்கில் உள்ள ஒவ்வொரு துண்டும் தாளத்தோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். டெம்போவை ஏற்றினால் துண்டு இடம் நகரும், நீளம் சுருங்கும், வேகமும் மாறும். சுருதி மாறாது என்பதால் உடனே பிடிபடுவதும் இல்லை. திரும்பத் திரும்ப வரும் லூப்களை வைத்து இசை அமைப்பவர்களுக்கு இது வரம். குரல் பதிவு செய்பவர்கள் அதை 'டைம்' என்று மாற்றிவிட வேண்டும். மாற்றிய பிறகு அதே பெட்டியின் அடியில் இதையே இனி எல்லாப் புராஜெக்டுக்கும் வைத்துக்கொள் என்று சொல்லும் பொத்தானையும் அழுத்திவிடுங்கள்.

விருத்தத்துக்குத் தாளமே கிடையாது. ஆனால் திரையில் கட்டம் கட்டமாகக் கோடு இருக்கும், ஒரு துண்டை நகர்த்தினால் அது போய் அந்தக் கோட்டில் ஒட்டிக்கொள்ளும். மூச்சு விடும் இடத்தில் கொஞ்சம் நெருக்கலாம் என்று பார்த்தால், நாம் நினைத்த இடத்தில் நிற்காமல் பக்கத்துக் கோட்டுக்குத் தாவும். ஆல்ட் + எஸ் அழுத்தினால் இந்த ஸ்னாப் அணைந்துவிடும். ஒரு தடவைக்கு மட்டும் வேண்டாம் என்றால் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு இழுக்கலாம். தாளத்துக்கு அடிக்கும் கிளிக் ஓசையையும் அணைத்துவிடுங்கள். விருத்தம் பாடுகிறவர் காதில் 'டொக் டொக்' என்று அடித்துக்கொண்டிருந்தால் பாவம்.

மிச்ர சாபு விஷயம் வேறு. பிளே, ஸ்டாப் பொத்தான்கள் இருக்கும் டிரான்ஸ்போர்ட்டில் 4/4 என்று இருப்பதை 7/8 என்று மாற்றலாம். அப்போது திரையில் உள்ள ஒவ்வொரு கட்டமும் ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) ஆகிவிடும், வெட்டி ஒட்டுவதற்கு அதுவே பெரிய வசதி. ஆனால் கிளிக் ஓசையை வைத்துக்கொண்டு மிச்ர சாபு பாடச் சொன்னால் நம் பாடகர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். ஏழும் ஒரே மாதிரி கொட்டினால் மூன்றும் நான்குமாகப் பிரியும் அந்த நடை காதில் விழாது. நான் செய்வது இதுதான். ஒரு டிராக்கில் என் குரலிலேயே 'தகிட தகதிமி' என்று நாலைந்து ஆவர்த்தனம் சொல்லிப் பதிவு செய்கிறேன். அதில் நன்றாக விழுந்த ஒரே ஒரு ஆவர்த்தனத்தை இரு பக்கமும் வெட்டி எடுக்கிறேன். பிறகு அதன் வலது ஓரத்தைப் பிடித்துப் பாட்டு நீளத்துக்கு இழுத்தால் அதுவே திரும்பத் திரும்ப வர வேண்டும்.

வர வேண்டும், ஆனால் முதல் தடவை வராது. வெட்டிய துண்டை இழுத்தால், வெட்டுக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருக்கும் மீதிப் பதிவுதான் வெளியே வரும், நான் இருமியது உட்பட. ஏனென்றால் ரீப்பரில் வெட்டு என்பது நிஜ வெட்டு இல்லை, ஜன்னலைப் பாதி மூடுவது மாதிரி. அந்தத் துண்டின் மேல் ரைட் கிளிக் செய்து 'குளூ' கொடுத்தால் அந்த ஒரு ஆவர்த்தனம் மட்டும் தனி ஃபைலாகிவிடும். இப்போது இழுங்கள், சக்கரம் மாதிரி சுற்றும்.

இந்த ஒளிந்திருக்கும் சங்கதி நல்லதும்கூட. ஒரு வார்த்தையின் முடிவைத் தெரியாமல் நறுக்கிவிட்டால் பதற வேண்டாம், ஓரத்தை இழுத்தால் திரும்ப வந்துவிடும்.

அறையும் மைக்கும்

மின்விசிறியை நிறுத்துங்கள். வேர்க்கும், வேறு வழியில்லை. இரண்டு டேக்குக்கு (பாடிப் பதிவு செய்யும் ஒவ்வொரு தடவையும் ஒரு டேக்) ஒருமுறை ஓடவிட்டுப் பாடகருக்குத் தண்ணீர் கொடுங்கள். வெறும் சுவர் அறையைவிட, துணி அடைத்த பீரோவும் மெத்தையும் இருக்கும் படுக்கையறை எவ்வளவோ மேல். மைக்குக்குப் பின்னால் மட்டுமல்ல, பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னாலும் ஒரு கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள். மைக் பார்த்துக்கொண்டிருப்பது அந்தச் சுவரைத்தான். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலுக்கு மட்டும் நான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை, அதனால் இப்போதெல்லாம் காலை பதினோரு மணிக்கு மேல் பதிவு வைப்பதில்லை.

'உம்' என்ற சத்தம் அடியில் ஓடினால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதுவும் அதன் இரட்டையான 100 ஹெர்ட்ஸும்தான் பெரும்பாலும் அந்த உறுமல். பேட்டரியில் ஓடும்போது நின்றுபோனால் காரணம் தெரிந்துவிட்டது, பதிவை பேட்டரியிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கண்டென்சர் மைக் என்றால் இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பொத்தானைப் போட வேண்டும். அது இல்லாமல் அந்த மைக் பேசவே பேசாது. ரீப்பரில் கண்ட்ரோல் + டி (T) அழுத்தினால் புது டிராக். உடனே பெயர் வையுங்கள். அந்தப் பெயர்தான் ஆடியோ ஃபைலுக்கும் போகும், பிற்பாடு தேடும்போது '03-டிராக்' என்று முப்பது ஃபைல் கிடந்தால் அழுகை வரும். சிவப்பு வட்டத்தை அழுத்தி டிராக்கைத் தயாராக்கி, இன்புட்டை மோனோ 1 என்று வையுங்கள். ஸ்டீரியோ என்று வைத்தால் குரல் இடது காதில் மட்டும் கேட்கும்.

அளவு வைக்கும்போது, பாடகரைப் பாட்டிலேயே உச்சமான இடத்தைப் பாடச் சொல்லுங்கள். "ஹலோ மைக் டெஸ்ட்" போதாது. அப்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் சரி. கண்ணுக்கு அலை ஒல்லியாகத் தெரியும். கவலை வேண்டாம், 24 பிட்டில் பதிவு செய்கிறோம், பிறகு தாராளமாக ஏற்றிக்கொள்ளலாம். பூஜ்யத்தைத் தொட்டு வெடித்த ஒலியைத்தான் யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. இந்த அளவில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு 8.6 எம்.பி. பிடிக்கும், ஒரு மணி நேரத்துக்கு அரை ஜி.பி.க்குச் சற்று மேலே. அதனால் ஒத்திகையையும் பதிவு செய்யுங்கள். அத்தையின் விருத்தத்தில் கடைசியில் நிலைத்தது ஒத்திகையில் பாடியதுதான்.

தம்பூராவை ஸ்பீக்கரில் போடாதீர்கள், ஹெட்போனில் கொடுங்கள். குரலோடு கலந்து பதிவானால் வெட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் தம்பூராவும் வெட்டுப்படும்.

கண்ட்ரோல் + ஆர் அழுத்தினால் பதிவு ஆரம்பம். முதல் பத்து நொடி யாரும் மூச்சு விடாமல் சும்மா இருங்கள், அந்த வெறும் அறைச் சத்தம் பிறகு உதவும். ஸ்பேஸ் பாரை அழுத்தினால் நிற்கும். நின்றதும் ஒரு பெட்டி எட்டிப் பார்த்து, பதிவானதைச் சேமிக்கட்டுமா அழிக்கட்டுமா என்று கேட்கும். பாடகரோடு பேசிக்கொண்டே தவறான பொத்தானைத் தட்டிவிடுவது ரொம்பச் சுலபம். நிதானமாகப் படித்துச் சேமியுங்கள். எரிச்சலாக இருந்தால் பிரிஃபரன்சஸின் ரெக்கார்டிங் பகுதியில் இந்தக் கேள்வியையே நிறுத்திவிடலாம். நான் நிறுத்திவிட்டேன்.

வெட்டும் வேலை

அதே டிராக்கில் அதே இடத்தில் மறுபடி பாட வைத்தால் பழையது அழியாது, டேக் மேல் டேக்காக அடுக்கிக்கொள்ளும். எஸ் எழுத்தை அழுத்தினால் கர்சர் நிற்கும் இடத்தில் வெட்டு விழும். சரணத்தை வரி வரியாக வெட்டி, ஒவ்வொரு துண்டாகத் தேர்ந்தெடுத்து டி (T) எழுத்தைத் தட்டிக்கொண்டே போனால் அந்த வரியின் அடுத்தடுத்த டேக் வரும். எது நன்றாக இருக்கிறதோ அங்கே விட்டுவிடலாம். 2023 அக்டோபரில் வந்த ஏழாம் பதிப்பில் எல்லா டேக்கையும் கீழே கீழே விரித்து வைத்து, பிடித்த பகுதியை மவுஸால் தடவியே தேர்ந்தெடுக்கும் வசதியும் வந்துவிட்டது. பழக்க தோஷம், நான் இன்னும் எஸ், டி என்றே தட்டிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே மூன்று கண்ணிகள் இருக்கின்றன. மூன்றிலும் நான் விழுந்திருக்கிறேன்.

எதையும் தேர்ந்தெடுக்காமல் எஸ் அழுத்தினால், கர்சருக்கு நேரே உள்ள எல்லா டிராக்கும் வெட்டுப்படும். குரலை வெட்டியதாக நினைத்துக்கொண்டிருப்போம், தம்பூராவும் வயலினும் துண்டாகியிருக்கும்.

ஆல்ட் + பி (P) தெரியாமல் தட்டிவிட்டால் 'ரிப்பிள்' என்ற முறை வந்துவிடும். அதில் ஒரு இருமலை வெட்டி எடுத்தால், அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் அந்த இடைவெளியை நிரப்ப முன்னால் நகரும். பேச்சுப் பதிவுக்கு அருமையானது. பாட்டில் இருமல் போன கையோடு மீதிப் பாட்டு முழுக்கத் தாளத்தை விட்டு விலகிவிடும். நாம் பார்த்துக்கொண்டிருப்பது முதல் சரணம், கெட்டுப்போவது மூன்றாவது சரணம், தெரிவது அரை மணி நேரம் கழித்து. டூல்பாரில் அந்தப் பொத்தான் ஒளிர்கிறதா என்று அவ்வப்போது ஒரு பார்வை பாருங்கள். எங்கே பிசகியது என்று தெரியாவிட்டால் கண்ட்ரோல் + ஆல்ட் + இசட் அழுத்துங்கள். செய்த ஒவ்வொரு காரியமும் பட்டியலாக வரும், அதில் எந்தப் படிக்கு வேண்டுமோ அதன் மேல் இரட்டை கிளிக் செய்து திரும்பலாம்.

மூன்றாவது மவுஸ். சக்கரத்தைச் சுற்றினால் பக்கம் நகரும் என்று எதிர்பார்ப்போம், ரீப்பரில் அது ஜூம் ஆகும். பக்கவாட்டில் நகர ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும், டிராக்கின் உயரத்தைக் கூட்டிக் குறைக்க கண்ட்ரோல். பல துண்டுகளை வளைத்துத் தேர்ந்தெடுக்க இடது பொத்தானால் இழுத்தால் நேரப் பகுதிதான் தேர்வாகும், வலது பொத்தானால் இழுக்க வேண்டும். முதல் வாரம் கோபம் வரும். ஒரு மாதம் கழித்து வேறு மென்பொருளில் சக்கரத்தைச் சுற்றும்போது அங்கே கோபம் வரும்.

கேள்விக்குறியைத் தட்டினால் ஆக்‌ஷன் லிஸ்ட் வரும். ரீப்பரால் செய்ய முடிந்த அத்தனையும் அதில் இருக்கிறது, எந்த வேலைக்கும் உங்களுக்குப் பிடித்த பொத்தானைப் போட்டுக்கொள்ளலாம். ஒரே நாளில் நாற்பது பொத்தானை மாற்றிவிடாதீர்கள். ஒரே வேலையை மூன்று தடவை மெனுவில் தேடினால் அதற்கு மட்டும் ஒன்று.

பிளக்இன்

இதைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன், ரீப்பரோடு வருபவையே போதும். ரியா ஈக்யூவில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹை பாஸ் (அடி ஒலிகளை வடிகட்டுவது) போட்டு வெட்டுங்கள், தரையின் அதிர்வும் மைக் ஸ்டாண்டின் தட்டலும் போய்விடும். சத்தத்தை அமுக்கும் ரியா காம்ப்பில் 3:1 விகிதம், உரத்த இடங்களில் மூன்று நான்கு டெசிபல் இறங்கும் அளவுக்கு. எடுத்து வைத்த பத்து நொடி அறைச் சத்தத்தை ரியா ஃபிர்ரில் சப்ட்ராக்ட் முறையில் காட்டினால் அந்த இரைச்சலைக் கற்றுக்கொண்டு குறைக்கும். கற்றுக்கொண்டதும், கற்கச் சொல்லும் சிறு கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குரலையும் இரைச்சல் என்று எண்ணித் தின்றுவிடும். ரிவெர்ப்பை (எதிரொலி மாதிரியான முழக்கத்தை) தனி டிராக்கில் போட்டு, குரலை அங்கே அனுப்புங்கள்.

இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஐம்பது பிளக்இன் ஏற்றி, ஒன்று மோதி புராஜெக்டே திறக்க மறுத்தால், ஓப்பன் பெட்டியில் பிளக்இன்களை எல்லாம் முடக்கி வைத்துத் திறக்கும் கட்டம் இருக்கிறது. அப்படித் திறந்து, கடைசியாகப் போட்டதைக் கழற்றுங்கள்.

வெளியே எடுப்பது

கண்ட்ரோல் + ஆல்ட் + ஆர். வரும் பெட்டியில் 'பவுண்ட்ஸ்' என்பதுதான் பலரைக் கவிழ்ப்பது. 'டைம் செலக்‌ஷன்' என்று இருந்தால், எப்போதோ தேர்ந்தெடுத்து மறந்த எட்டு நொடி மட்டும் வரும். 'என்டயர் புராஜெக்ட்' என்று வைத்தால், இழுத்துப் போட்டு மறந்த ஒரு சிறு துண்டு 47-வது நிமிடத்தில் கிடந்தால் ஐந்து நிமிடப் பாட்டும் நாற்பத்திரண்டு நிமிட மௌனமுமாக வெளிவரும். எனவே முழுக்க ஜூமைக் குறைத்து வலது கோடி வரை ஒருமுறை பாருங்கள். பிறகு பாட்டின் தொடக்கத்திலிருந்து கடைசி ரிவெர்ப் அடங்கும் வரை நீங்களே தேர்ந்தெடுத்து, 'டைம் செலக்‌ஷன்' வைத்து எடுங்கள்.

முதலில் 24 பிட் வேவ் ஒன்று. பாதுகாத்து வைக்க அதுதான். அனுப்புவதற்கு 320 அளவில் எம்பி3. யூடியூபில் போடுவதாக இருந்தால் மைனஸ் 14 லஃப்ஸ் (மொத்த உரப்பின் அளவு) பக்கம் இருந்தால் போதும். அதைவிட உரக்கக் கொடுத்தால் அவர்களே குறைத்துவிடுவார்கள், அமுக்கி அமுக்கி உரத்த குரலாக்கியதற்குப் பலன் இல்லை. உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்ட வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் புராஜெக்டிலிருந்து ஆடியோ துண்டுகளை அழித்துவிட்டு, டிராக், பெயர், பிளக்இன், டைம்பேஸ் எல்லாம் இருக்கும் வெறும் கூட்டை ஃபைல் மெனுவில் புராஜெக்ட் டெம்ப்ளேட்டாகச் சேமியுங்கள். இதைச் செய்யும் முன் அசல் புராஜெக்ட் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். அடுத்த முறை அதிலிருந்து திறந்தால், ஃபோல்டர் பெயரைக் கொடுத்ததுமே பாடகரை உட்கார வைத்துவிடலாம். ஃபைல் மெனுவில் உபயோகப்படாத ஆடியோவை எல்லாம் அழித்துச் சுத்தம் செய்யும் ஒரு கட்டளையும் இருக்கிறது. இடம் குறைகிறது என்று ஆசைப்பட்டு அதைத் தொடும் முன் முழு ஃபோல்டரையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள்.

அத்தைக்கு வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினேன், அப்படி அனுப்பினால் ஃபைல் தன் பெயரோடு அப்படியே போகும். டெம்போவை 92-க்கே இறக்கி, அதன் பிறகு டைம்பேஸை மாற்றி எடுத்த பதிப்பு அது. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "பாட்டு சரியா இருக்கு. நடுவுல காக்கா கத்துதே, அது யாரு?" மூன்றாவது நிமிடத்தில், விருத்தத்தின் கடைசி அடிக்கு முன்னால். நான் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன், காதில் விழவே இல்லை.